துணியை எங்கே அலசுவது?

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களில் சிறு குழந்தையும் அறிந்த ஒழுக்கம். இரவுண்ணாமை, நீர் வடித்தல் ஆகிய இவ்விரண்டையும் கொண்டே அயலார் நம்மை நெடுங்காலம் அடையாளம் கண்டுவந்தனர். ஆயினும் இவ்வொழுக்கத்திற்கு இரண்டு பாதிகள் உண்டு. நகரத்திற்குக் குடிபெயர்ந்த நம்மில் பலர் முதற்பாதியை மட்டும் கையோடு கொண்டுவந்து, மறுபாதியைக் கிராமத்துக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டோம். இது எனக்கு விளங்கியது என் தாயார் எங்களுடன் வந்து தங்கிய பிறகுதான். அந்த மறுபாதியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். இதில் நான் கற்றவற்றைக் காட்டிலும் தவறவிட்டவையே மிகுதி. ஆகையால் இதனை உபதேசமாகக் கொள்ளாது, ஒரு சாவகனின் வாக்குமூலமாகக் கொள்ளுமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறேன்.

எங்கள் இல்லம் சென்னை மயிலாப்பூரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து ஒரு தெரு தள்ளி இருக்கிறது. மயிலை என்றதும் நம்மவர்க்கு நேமிநாத சுவாமியின் நினைவு எழாமல் இராது. கடற்கரையில் அப்பெருமானுக்கு ஆலயம் இருந்தது என்பதும், கடல் புகுந்துவிடுமோ என்னும் அச்சத்தால் திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது என்பதும் நம் மரபு வழங்கும் செய்தி. அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதி பாடுவது அந்த நேமிநாதரையே. அத்தகைய ஊரில் வீடு கிடைத்ததே பேறு என்று மகிழ்ந்து குடிவந்தேன். கால்வாய் இருக்கிறது என்பதை வீட்டு உரிமையாளர் சொல்லவில்லை. மாலைக் காற்று சொல்லிற்று.

கால்வாய் அருகே வாழ்வோரின் இடர்கள் சிறியவை; ஆனால் நாள்தோறும் வருபவை. நாற்றத்தைப் பற்றி எழுதவேண்டியதில்லை. மூக்கு பத்து நாளில் பழகிவிடுகிறது, விருந்தினர் முகம் சுளிக்கும்போதுதான் நமக்கே நினைவு வருகிறது. பழகாதது வேறொன்று. பூசைக்குரிய வெள்ளிக் கிண்ணங்களைத் திங்களன்று துலக்கி வைத்தால் வெள்ளியன்று கறுத்துவிடும். தேங்கிய சாக்கடையிலிருந்து எழும் கந்தக வாயு வெள்ளியைப் பற்றிக்கொள்ளும் என்று பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் நண்பர் விளக்கினார். அருகனுக்கு முன் வைக்கும் கிண்ணத்தில் ஊராரின் கழிவு வந்து படிகிறதே என்று என் துணைவியார் வருந்துவார். ‘ஊராரின் கழிவு’ என்றே அப்போது நாங்கள் சொல்லிவந்தோம். அச்சொல்லுக்குப் பின்னர் வருகிறேன்.

இக்கால்வாய் பிறவியிலேயே சாக்கடை அன்று. 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கி, பின்னர் வடக்கே ஆந்திரக் கரையோரமாகவும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டி, ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி ஆக்கினர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நடுப்பகுதி, அதாவது எங்கள் பகுதி, தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி 1877-78இல் வெட்டப்பட்டது. ஊரில் உண்ண வழியின்றி வந்த ஏழை மக்களுக்குக் கூலி தருவதற்கென்றே எடுக்கப்பட்ட வேலை அது. அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் பல பத்தாண்டுகள் சென்றன. பசித்தவனுக்குச் சோறு தருவதற்காகத் தோண்டிய பள்ளத்தில் நாம் எதைக் கொண்டுபோய் நிரப்பினோம் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு கூசுகிறது.

என் தாயார் 1996ஆம் ஆண்டில், தந்தையார் மறைந்தபின், எங்களிடம் வந்தார். வந்தவாசிக்கு அருகில், பொன்னூர் மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு சிற்றூரில் ஐம்பது ஆண்டுகள் குடித்தனம் செய்தவர். அப்போது கால்வாயின் மேலே பறக்கும் இரயிலுக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு மயிலாப்பூர் வரை வண்டி ஓடலாயிற்று. தாயார் அதனையெல்லாம் வியப்போடு பார்த்தார். ஆனால் வந்த மறுநாட் காலையிலேயே சமையலறையில் அவருக்கு ஒரு தடை நேர்ந்தது.

குழாய் நீரை இரட்டையாக மடித்த துணியில் வடித்துக் குடத்தில் நிரப்பினார். பின்னர் அத்துணியைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்து, “கிணறு எங்கே அப்பா?” என்று கேட்டார்.

“எதற்கு அம்மா?”

“துணியை எங்கே அலசுவது?”

தொட்டியில் அலசலாம் என்றேன். “அது எங்கே போகிறது?” என்றார். சாக்கடைக்கு என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துணியை உலரவிடாமல் ஒரு கிண்ணத்து நீரில் இட்டு வைத்துவிட்டு, “இந்தத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது?” என்று வினவினார். செங்குன்றம் ஏரியிலிருந்து வருவதாகச் சொன்னேன். “நாள்தோறும் அங்கே போய்வர முடியாதே” என்று அவர் சொன்னதில் கேலி இல்லை. உண்மையிலேயே அந்தத் தொலைவை மனத்தில் அளந்து பார்த்துத்தான் சொன்னார்.

இளையோர் அறிவதற்காக இதனை விளக்கவேண்டும். நீரை வடித்தபின் துணியில் தங்குபவை குப்பையல்ல, அவை உயிர்கள். அவற்றை எந்த நீர்நிலையிலிருந்து எடுத்தோமோ அந்த நீர்நிலைக்கே திருப்பிச் சேர்க்கவேண்டும் என்பது முறை. கிணற்று உயிரை ஏரியில் விடலாகாது. ஏரி உயிரைக் கிணற்றில் விடலாகாது. உயரத்திலிருந்து வீசுவதும் ஆகாது. என் பாட்டியார் இதற்கென ஒரு சிறு வாளி வைத்திருந்தார். அதன் அடியிலும் ஒரு கயிறு கட்டியிருக்கும். வாளி நீர்மட்டத்தைத் தொட்டதும் அடிக்கயிற்றை இழுத்து மெல்லக் கவிழ்ப்பார். வடித்த நீரும் இரண்டு நாழிகைக்கு மேல் நின்றால் மீண்டும் வடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த வாளி கிணற்றுக்குள் இறங்கி ஏறும். குடிப்பதற்காகச் செய்யும் வேலையில் பாதி நேரம், குடிக்காததைத் திருப்பி அனுப்புவதிலேயே கழிந்தது.

எங்கள் வீட்டின் பின்புறத்தில் பழைய கிணறு ஒன்று பலகையிட்டு மூடிக் கிடந்தது. தாயாரின் விருப்பத்திற்கிணங்க அதனைத் தூர் வாரித் திறந்தோம். குடிப்பதற்கு உதவாது எனினும் புழங்குவதற்கு ஆகும் நீர். அதனை இறைத்து வடித்துப் பாத்திரம் துலக்கவும் பூசைக்குரிய இடத்தைக் கழுவவும் பயன்படுத்தினார். குழாய் நீரை வடித்த துணியையும் முறையன்று என்று அறிந்தே அதில் அலசினார். ‘சாக்கடையைவிட இது மேல்’ என்பது அவர் கண்ட சமாதானம். நாங்களும் மகிழ்ந்தோம், மறந்துபோன ஓர் ஒழுக்கம் எங்கள் இல்லத்தில் புத்துயிர் பெற்றதாகப் பிறரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் மழைக்காலத்தில் தாயாருக்கு முழங்கால் வலி மிகுந்து, கிணற்றடிக்குச் செல்வது குறைந்தது. எனக்கு அலுவலகம், துணைவியாருக்குப் பள்ளி. கிணறு திறந்தபடியே இரண்டு மாதம் கிடந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வந்த அம்மையாரின் குடிசை கால்வாய்க் கரையில் இருந்தது. அவருடைய மகனுக்கு அப்போது ஒன்பது வயது. தாய் வேலை முடிக்கும் வரை கிணற்றடி மேடையில் அமர்ந்து மாலை விளக்கு வைக்கும் நேரம் கடந்தும் பாடம் எழுதிக்கொண்டிருப்பான். 1998ஆம் ஆண்டு இறுதியில் அவனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் கண்டது. மலேரியா என்று உறுதியாயிற்று. கால்வாய்க் கரையில் குடியிருந்தால் வேறென்ன வரும் என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டனர்; நானும் அவ்வாறே சொன்னேன்.

நான்கு நாள் கழித்துச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். நேரே கிணற்றடிக்குச் சென்று, நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் நீரை முகந்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி எங்களுக்குக் காட்டினார். சிறு புழுக்கள் நெளிந்தன. “பாருங்கள் ஐயா, இவை நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கின்றன. இவை மலேரியாக் கொசுவின் புழுக்கள். கால்வாயில் இருப்பவை வேறு. அவை தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. அதற்கு உங்கள் கிணறு, உங்கள் மாடித்தொட்டி போன்ற நல்ல நீர்தான் வேண்டும்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு கிணறுகளிலும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு, எறிந்துவிட்ட தேங்காய் ஓடு ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரில் வளர்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கால்வாயின் கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் நம் உறக்கத்தைக் கெடுக்கும். யானைக்கால் நோயையும் பரப்பும். அதனை எளியதென்று சொல்ல வரவில்லை. ஆனால் கால்வாயை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்தச் சிறுவனின் குளிர்காய்ச்சல் எங்கள் முற்றத்திலிருந்து சென்றிருக்கக்கூடும் என்பது அன்றுதான் தெரிந்தது. இக்கிணற்றுக் கொசுதான் அவனைக் கடித்தது என்று அறுதியிட முடியாது என்று ஆய்வாளரே ஆறுதல் சொன்னார். வழக்கு மன்றத்திற்கு அது போதுமான விடை. தாயாருக்குப் போதவில்லை.

ஆய்வாளர் இரண்டு வழிகள் சொன்னார்: கிணற்றில் மருந்து தெளிப்பது, அல்லது கொசுப்புழுக்களை உண்ணும் கம்பூசியா என்னும் சிறு மீன்களை விடுவது. எனக்கு இரண்டாவது வழி பிடித்தது. நாம் ஒன்றும் கொல்லப்போவதில்லையே. மீன் தன் இயல்புப்படி உண்ணப்போகிறது. தாயார் என்னை ஏறிட்டு நோக்கினார். “மீனுக்கு அது உணவு. எனக்கு அது என்ன?” என்றார்.

அக்கேள்வி என்னைத் தலைகுனியச் செய்தது. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில் என்று சிறுவயதில் அவரிடமே பாடம் கேட்டவன் நான். ஆள் வைத்துக் கொன்றால் அது என் கொலை. மீன் வைத்துக் கொன்றால் மட்டும் அது எப்படி மீனின் கொலை ஆகும்? நம்மில் பலர் வீட்டில் கொசுவை அடிக்கமாட்டோம். ஆனால் தெருவில் புகையடிக்கும் வண்டி வரவில்லையே என்று முறையிடுவோம். கை தூய்மையாக இருந்தால் போதும் என்று எண்ணுகிறோமா, அன்றி உயிர் பிழைக்கவேண்டும் என்று எண்ணுகிறோமா என்பதை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய இடம் இது.

அப்படியானால் ஒன்றும் செய்யாதிருப்பதா? புழுக்கள் இன்னும் சில நாளில் கொசுவாகிப் பறக்கும். கரையில் இருபது குடிசைகள்; ஒவ்வொன்றிலும் குழந்தைகள். எங்கள் ஒழுக்கத்தின் விலையை அக்குழந்தைகள் கொடுப்பதா? அன்றிரவு நெடுநேரம் பேசினோம். இல்லறத்தாரின் இம்சையை நம் ஆசாரியர்கள் நால்வகையாகப் பகுத்துள்ளனர்: கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பி, சமையல் முதலிய வீட்டுவேலைகளில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்தியோகி, தாக்குதலைத் தடுக்கையில் நேரும் விரோதி. முதலாவதை முற்றிலும் விலக்கவேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்கவேண்டும். கொசுவைத் தடுப்பது விரோதியில் அடங்கும், ஆகவே குற்றமில்லை என்று நான் வாதிட்டேன்.

“குற்றமில்லை என்று சொல்லாதே. பெரிய குற்றத்தைத் தடுக்கச் செய்யும் சிறிய குற்றம் என்று சொல்” என்றார் தாயார். சற்று நேரம் கழித்து, “அதுகூடச் சரியில்லை. பகைவன் தானாக வரவில்லை, நாம்தான் கிணற்றைத் திறந்து வைத்து வளர்த்தோம்” என்றார்.

மறுநாள் மருந்து தெளிக்க இசைந்தார். அன்று முழுவதும் உபவாசம் இருந்தார். அருகன் திருமுன் அமர்ந்து தம் தவற்றைச் சொல்லிக்கொண்டார். மாலையில், வலிக்கும் முழங்காலோடு அந்தக் குடிசைக்குச் சென்று சிறுவனின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். அவனுடைய மருத்துவச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டதைத் தானமாக எண்ணக்கூடாது, கடனாக எண்ணவேண்டும் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். சிறுவன் பிழைத்தெழுந்தான். அந்த வாரமே கிணற்றுக்குக் கொசு நுழையாத மெல்லிய வலை பூட்டி, வாளி இறங்கும் அளவுக்கு மட்டும் ஒரு கதவு வைத்தோம். மாடித்தொட்டிக்கும் இறுக்கமான மூடி வந்தது. செலவு சில நூறு உரூபாய். வேலை ஒரு முற்பகல். இதனை இரண்டு மாதம் முன்னர்ச் செய்திருந்தால் ஒரு முட்டையும் இட்டிருக்காது. கொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு நம் நூல்களை வேறு கண்ணோடு படிக்கலானேன். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர் பிரிவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அயர்ச்சியோடு கூடிய இயக்கத்தை அதற்குக் காரணமாக முதலில் வைக்கிறார். அமிர்தசந்திரரின் புருஷார்த்த சித்தியுபாயம் இதனை இன்னும் விரித்து, விழிப்போடு நடப்பவனுக்குத் தற்செயலாக நேரும் உயிரிழப்பு இம்சையாகாது என்றும், அயர்ந்து நடப்பவனுக்கு உயிர் ஒன்றும் இறவாவிடினும் இம்சை உண்டு என்றும் தெளிவுபடுத்துகிறது. எங்கள் கிணற்றை மறந்த அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் ஓர் எறும்பையும் மிதிக்கவில்லை. ஆயினும் இம்சை நடந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், பொருளை எடுத்து வைத்தல் ஆகிய நான்கோடு ஐந்தாவதாகக் கழித்தலும் வைக்கப்பட்டுள்ளது. உடற்கழிவை எங்கே விடுவது, அங்கே உயிர்கள் உளவா என்று நோக்கி விடவேண்டும் என்பது உத்சர்க்க சமிதி. உணவுக்கு எவ்வளவு கவனமோ, கழிவுக்கும் அவ்வளவு கவனம். அகிம்சையைக் காக்கும் பாவனைகளுள் பார்த்து உண்ணுதல், பார்த்துப் பருகுதல் என்பதனை இல்லறத்தாராகிய நாமும் போற்றிக் கடைப்பிடிக்கிறோம். ஐந்தாவது சமிதியையோ துறவியர்க்கென்று ஒதுக்கிவிட்டோம். நம் தருமம் வாயிலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து போட்டிருக்கிறது.

இதனை ஒரு விழாவின்போது ஆலயத்தில் பேசிக்கொண்டிருக்கையில், கற்றறிந்த பெரியவர் ஒருவர் மறுத்தார். முனிவரின் மகாவிரதத்தை இல்லறத்தார் தலையில் சுமத்துவது முறையன்று. அணுவிரதம் என்று அளவு குறைத்துத் தந்ததே நம்மால் இயலாது என்பதற்காகத்தானே என்றார். நியாயமான மறுப்பு. ஓரறிவுயிர்க்கு ஊறு நேராமல் அடுப்பு மூட்டவும் இயலாது, ஆடை துவைக்கவும் இயலாது. ஆனால் அதே அணுவிரதத்தோடு அநர்த்த தண்ட விரதமும் நமக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டகத்திலும், அதனைத் தழுவிய அருங்கலச் செப்பிலும் பயனின்றி நீரைச் சிந்துதலும் மண்ணைக் கிளறுதலும் தீ மூட்டுதலும் மரஞ்செடிகளை வெட்டுதலும் விலக்கப்பட்டுள்ளன. சலுகை தேவைக்காகத் தரப்பட்டது, சோம்பலுக்காக அன்று. துணி துவைப்பது தேவை. துவைத்த நீர் எங்கே போகிறது என்று இருபது ஆண்டு கேளாதிருப்பது எந்தத் தேவையில் சேரும்?

இருபது ஆண்டு என்று சொன்னது அணிக்காக அன்று. தாயார் 2009இல் இயற்கை எய்தினார். 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் கால்வாய் நிறைந்து, எங்கள் வீட்டுக்குள் ஒரு முழத்திற்கு மேல் நீர் புகுந்தது. நீர் வெளியிலிருந்து படியேறி வரவில்லை. குளியலறைத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. வடிந்தபின் கூடத்துத் தரையில் கிடந்தவற்றைச் சொல்லக் கூசுகிறேன். பூசையில் நிவேதித்த பூவையும் அரிசியையும் நெகிழிப் பையில் முடிந்து கால்வாயில் இட்டுவிடும் வழக்கம் தெருவில் பலருக்கு உண்டு. அப்படி ஒரு முடிச்சும் எங்கள் கூடத்தில் கிடந்தது. அது எங்களுடையதாகவே இருக்கலாம்.

குழாய் செப்பனிட வந்தவர் தரையை அகழ்ந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தார். கழிப்பறைக் குழாய் மட்டுமே பாதாளச் சாக்கடையோடு இணைந்திருந்தது. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் ஆகிய மூன்றின் நீரும் தெருவோர மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருந்தது. அந்த வடிகால் நேரே கால்வாயில் முடிகிறது. வீடு கட்டியவர் செலவைக் குறைக்கச் செய்த வேலை அது. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றார் அவர். எங்கள் வெள்ளிக் கிண்ணத்தைக் கறுக்கவைத்த ‘ஊராரின் கழிவில்’ எங்கள் பங்கும் இருந்தது. தாயார் கையில் துணியை ஏந்திக்கொண்டு, “அது எங்கே போகிறது?” என்று கேட்ட அன்று நான் சாக்கடைக்கு என்று சொன்னதும் தவறான விடை. அது எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது.

சாக்கடையில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. சமையலறையில் ஊற்றும் எண்ணெய், கழிப்பறையில் இடும் துணியும் நெகிழியும் குழாயை அடைக்கின்றன. அடைப்பை நீக்க மனிதர் ஒருவரைக் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் குழிக்குள் நச்சுக்காற்று தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி அதன்பிறகும் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீரில் உள்ள கண்ணுக்குத் தெரியா உயிருக்காகத் துணியை இரட்டையாக மடிக்கும் நாம், நம் வீட்டுக் கழிவால் அடைபட்ட குழிக்குள் இறங்கும் மனிதனை எந்தத் துணியால் வடிகட்டிக் காப்பாற்றுகிறோம்?

இப்போது பல வீடுகளில் நீர் தூய்மைப்படுத்தும் இயந்திரம் வந்துவிட்டது. என் மகன் வீட்டிலும் உள்ளது. ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு அதனினும் மிகுதியான நீரைக் கழிவென்று வெளியேற்றுவது இவ்வியந்திரங்களில் பெரும்பாலானவற்றின் இயல்பு. இயந்திரம் இருக்கத் துணி எதற்கு என்று மருமகள் கேட்டபோது, துணியைப் பற்றி நான் வாதிடவில்லை. அந்தச் சிறு குழாயின் நுனி எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்டேன். அவள் போய்ப் பார்த்து வந்து, அடியில் ஒரு வாளி வைத்தாள். இன்று அந்நீர் தரை துடைக்கவும் பாத்திரம் ஊறவைக்கவும் பயன்படுகிறது.

எங்கள் வீட்டு இணைப்பை 2016இல் மாற்றினோம். முற்றத்தை உடைத்துக் குழாய் பதிக்கவேண்டியிருந்தது. முறைப்படி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திச் செய்ய நான்கு மாதம் ஆயிற்று. தெருவில் பதினொரு வீடுகள். இதுவரை நான்கு வீட்டார் மாற்றியிருக்கின்றனர். ஒருவர், தான் ஒருவன் மாற்றினால் கால்வாய் தெளிந்துவிடுமா என்று கேட்டார். தெளியாது என்றே சொன்னேன். இன்னொருவர், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அவ்வளவு செலவு செய்ய இயலாது என்றார். அவரிடம் வற்புறுத்த எனக்கு நாவெழவில்லை; அவருக்கு மகள் திருமணம் நெருங்கியிருந்தது.

கிணற்று வலையை ஆண்டுதோறும் மழைக்கு முன் கழற்றிப் பழுது பார்க்கிறோம். துணியை நாள்தோறும் அங்கேதான் அலசுகிறேன். குழாய் நீரின் உயிர்களுக்கு அது உரிய இடம் அன்று என்பது தாயார் நாளிலிருந்தே தெரிந்ததுதான். செங்குன்றம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறன்று ஐந்தாவது வீட்டாரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். முன்பு இரண்டுமுறை மறுத்தவர். இம்முறை குழாய் செப்பனிடுபவரையும் உடன் அழைத்துச் செல்வதாக எண்ணம்.